அரை அங்குல உயரம்

2025 ஏப்ரல் 5, சனி. காலை 7.40. உடைந்த தட்டுகள்: பதினொன்று.

பன்னிரண்டில் பதினொன்று. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற டிரெய்லர் வீட்டை வீட்டுக்கு இழுத்து வந்தேன். மொத்தம் ஒன்பது மைல். ஊருக்குத் தெற்கே ரயில் கிராசிங்கில் பத்து மைல் வேகத்தில்தான் ஏற்றினேன். சைக்கிள்காரன்கூட முந்திப் போயிருப்பான். அப்படியும் டிரெய்லர் முதலில் அதை இழுக்கும் பிக்கப் வண்டியை முன்னால் குத்தியது, பிறகு பின்னால் இழுத்தது, பிறகு சமையலறைப் பக்கம் எல்லாம் சரிகிற சத்தம்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவுக் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கண்ணை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் நிறுத்தி அலமாரியைத் திறந்தேன். அவள் படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை மிச்சம்?"

"ஒன்னு."

"போதும்டா. ஒருத்தர் மாத்தி ஒருத்தரா சாப்பிடுங்க."

சிரித்தாள். சிரிக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 17 அறுவடைக்கு டெக்சஸுக்குக் கிளம்பணும். ஆறு வாரம் இருக்கிறது. இந்த வண்டியில் இப்படியே அவளைக் கூட்டிப் போக முடியாது. முடியவே முடியாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் படுத்தேன். இரண்டு மணி நேரம்.

பார்த்தது: ஸ்பிரிங் பட்டைகளின் துளைக்குள் போடும் புஷ் எல்லாம் பிளாஸ்டிக். பாதி தேய்ந்து போய்விட்டது, மீதி காணவே காணோம். அதில் செருகிய ஆணி (பின்) நேராக இரும்பில் உரசி, துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு அச்சுக்கும் நடுவில் பாரத்தைப் பங்கு போடும் கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சமையலறைப் பக்கம் பட்டையைத் தாங்கும் கொக்கியில் வெல்டிங் ஓரமாக முடி அளவு விரிசல். ஷாக் அப்சார்பர்? கிடையாது. தொழிற்சாலையிலேயே போடவில்லை. பதினாறாயிரம் பவுண்டு எடையுள்ள வீட்டை ரோட்டில் இழுக்க விற்றவன், அதற்கு ஷாக் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறான். அவனை இதில் உட்கார வைத்து மொன்டானா வரை இழுக்கணும்.

இருபத்தெட்டு வருஷமாக அம்மா இப்படி ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு எங்கள் அறுவடை மெஷின்களுக்குப் பின்னால் வருகிறாள். டெக்சஸில் மே, எங்கள் கான்சஸில் ஜூன், டகோட்டாவில் ஜூலை, மொன்டானாவில் செப்டம்பர். ஊரார் கோதுமை எங்கே பழுக்கிறதோ அங்கே நாங்கள். எட்டுப் பேருக்கு மூன்று வேளை, அதில் இரண்டு வேளை வயலுக்கே வரும். நான் பிறந்ததுகூட ஓக்லஹோமா வயலோரத்தில்தான். மதியச் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாளாம், மூன்றாம் நாள் இரவுச் சாப்பாடு அவள் கையால்.

போன வருஷம் ஜூனிலேயே அவளுக்கு முதுகு வலித்தது. "அறுவடை முடியட்டும்." எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். ஜனெல் அக்கா கல்யாணம் நவம்பரில் நடந்ததும் இதனால்தான். செப்டம்பரில் மொன்டானா மண் ரோட்டில் ஒரு குழி. அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். விலா எலும்பு முறிந்தது. ஒரு குழிக்கு எலும்பு முறியுமா? அக்டோபரில் டாக்டர் படத்தைக் காட்டினார். எலும்புக்குள் புற்று. முதுகுத்தண்டு, இடுப்பு, விலா எல்லாம் அரித்திருந்தது.

அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. குழியை என்னால் ஏதாவது செய்ய முடியும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாகங்கள் கடை மைரனுக்குப் போன். போன வருஷம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடுத்த எடையைச் சொன்னேன்.

"சமையலறைப் பக்கம் இவ்வளவு கனமா? என்னப்பா வெச்சிருக்கீங்க உள்ள, பட்டறைக் கல்லா?"

"எங்கம்மா பாத்திரம். அந்த எடைக்கே பட்டை குடுங்க. குறைச்சுக் குடுத்தீங்கன்னா திருப்பி அனுப்புவேன்."

வருவது: புதுப் பட்டைக்கட்டு நாலு, ரப்பர் வைத்த நடுக் கை இரண்டு, பித்தளை புஷ், கிரீஸ் அடிக்கிற பின், தடித்த கொக்கிகள், ஷாக் நாலு. பிக்கப்பில் பூட்டும் கழுத்துக்குக் காற்றுப் பை வைத்த பூட்டு.

அப்பாவிடம் சொன்னேன். இருமினார். கோதுமைத் தூசி இருமல், பத்து வருஷமாக இருக்கிறது. "மே பதினேழுக்குள்ள சக்கரம் உருளணும்" என்றார்.

ஏப்ரல் 12, சனி

டிரெய்லரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். சட்டத்தில்தான் ஜாக்கி வைக்கணும், அச்சில் வைத்தால் அச்சு வளையும். ருவான் அச்சுக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டிருந்தான். கத்தினேன். ருவான் தென்னாப்பிரிக்காக்காரன், அறுவடைக்காக எங்களிடம் வருகிறான், இது நாலாவது வருஷம். என் கத்தல் அவன் மேல் ஒட்டாது.

"சரிங்க இன்ஜினியர் சார். எங்க ஊர்ல மாட்டைத் தூக்கினாக்கூட இவ்வளவு சட்டம் கிடையாது."

அம்மா மெதுவாகப் படியேறி உள்ளே போனாள். "ஆடுமாடா?"

"ஆடாது. ஸ்டாண்டுல நிக்குது. நீ உள்ள டான்ஸே ஆடலாம்."

"அப்ப நல்லது. நான் கொஞ்சம் சுத்தம் பண்ணிக்கிறேன்."

ஏப்ரல் 15, செவ்வாய்

பழைய பின்கள் வரவில்லை. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டன. கேஸ் வைத்து வெட்டினேன். புருவத்தில் பாதி போச்சு.

மதியம் ருவானைக் காணோம். மெஷினுக்கு கிரீஸ் அடிக்கச் சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அம்மா நாற்காலியில், அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறான்.

"சம்பளம் இதுக்கா?"

"ஆன்ட்டி கூப்பிட்டாங்க."

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் அம்மா. "நீ உன் வேலையைப் பாரு. ருவான், தோலை அவ்வளவு தடிமனா சீவாத. பன்னிக்கா போடப் போறோம்?"

எல்லாரும் வேலைக்கு நடுவே உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். தேதி ஒருத்தனுக்கு மட்டும்தான் ஓடுகிறது போல.

ஏப்ரல் 17, வியாழன்

சர்ச் ஏலத்துக்கு அம்மா கொடுத்த பெட்டிகளை நாலு நடையாகத் தூக்கிப் போனேன். இடுப்பு போச்சு. இரும்பா நிரப்பியிருக்கிறாள்?

ஏப்ரல் 22, செவ்வாய்

புதுக் கொக்கிகளை வெல்டிங் செய்து முடித்தேன். குறுக்கே ஒரு சட்டமும் வைத்தேன். இனி வளைவில் திரும்பும்போது கொக்கிகள் கால் அகட்டாது. மூலைக்கு மூலை அளந்தேன், இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன. பதினாறில் ஒரு பங்கு அங்குலம்கூட விலகல் இல்லை. நல்ல வேலை. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

ஒரு நட்டு உருண்டு சேற்றில் விழுந்தது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வீட்டுப் படுக்கையறை ஜன்னல் திறந்திருந்திருக்கிறது. உள்ளிருந்து அம்மா: "கேட்டுச்சு! கர்த்தருக்கும் கேட்டுச்சு!"

இந்த வாரம் நன்றாக இருக்கிறாள் என்று நினைக்கிறேன். மருந்து வேலை செய்கிறது போல.

ஏப்ரல் 26, சனி

ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சமதளத்தில் நிறுத்தி அளந்தேன்.

கணக்கை விட உயரமாக நிற்கிறது. சமையலறைப் பக்கம் அரை அங்குலம், மறுபக்கம் கால். பட்டை வளையவே இல்லை. எடைக்கு மீறின பட்டை! விறைப்பு அதிகமானால் வண்டி மிதக்காது, குதிக்கும். பழையதை விட மோசம். மூன்று வாரம் மண்ணில் படுத்ததற்கு இதுதான் பலன். அந்த மைரன் ஒரு சைஸ் பெரிசாக அனுப்பிவிட்டான்.

திங்கள் வரை கடை கிடையாது. கோபத்தில் சாப்பிடவில்லை. அம்மா கேட்டாள்: "என்னடா, சரியா வரலையா?"

"வரல. யாரோ சொதப்பிட்டான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான்தான் எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மைரனைத் திட்டினேன். கடையிலிருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவர் பொறுமையாகப் பட்டையில் அடித்திருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நான் கேட்டதேதான்.

"தம்பி, பட்டை பொய் சொல்லாது. உன் வண்டியை ஒரு தடவை எடை போட்டுப் பாரு."

போட்டுக் காட்டி வாயை அடைக்கலாம் என்றுதான் தானியக் கிடங்கு எடை மேடைக்கு இழுத்துப் போனேன். லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்றேன். முன் அச்சு, பின் அச்சு, இடம், வலம்.

போன வருஷத்தை விட ஆயிரத்து நூற்று நாற்பது பவுண்டு குறைவு. பெரும்பகுதி சமையலறைப் பக்கம்.

எடை மேடை கெட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இப்படித்தான் யோசிக்கிறேன் நான். பட்டை தப்பு, மைரன் தப்பு, மேடை தப்பு.

அங்கேயே, மேடையை விட்டு இறங்கி ஓரம் கட்டி, உள்ளே போய் அலமாரிகளைத் திறந்தேன்.

காலி. மேல் அலமாரி காலி. இரும்பு வாணலிகள் இல்லை. பெரிய அண்டா இல்லை. மாவு பிசையும் மெஷின் இல்லை. கீழே சரக்கு அறையில் அவள் ஆகஸ்டில் போட்டு வைக்கும் தக்காளி, பீன்ஸ், பீச் பாட்டில்கள், இருநூறுக்கு மேல் இருக்கும், ஒன்றுகூட இல்லை. மாட்டிறைச்சி வைக்கும் ஃப்ரீசர் இருந்த இடத்தில் நாலு கால் தடம். தரையெல்லாம் சோப்புப் போட்டுத் துடைத்திருந்தாள். தட்டு அலமாரியில் அந்த ஒரு தட்டு, உருளாமல் இருக்கத் துண்டு சுற்றி.

இரண்டு வாரம் இந்த வண்டி ஸ்டாண்டில் நின்றது. பட்டையில் பாரமே இல்லை. அவள் எவ்வளவு எடுத்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்தேன். அவள் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"என்னம்மா இது? எல்லாம் எங்க?"

"போயாச்சு."

"எங்க போச்சு?"

"பாதி நீதான் தூக்கிட்டுப் போன. ஃப்ரீசரை உங்கப்பாவும் ருவானும் இறக்குனாங்க, நீ வெல்டிங் கம்பி வாங்கப் போன அன்னிக்கு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நான் வரலைடா, டால்டன்."

"வரலைன்னா? அப்ப நான் எதுக்கு இதெல்லாம்… மருந்து வேலை செய்யுதுல்ல?"

"மருந்தை மார்ச்லயே நிறுத்தியாச்சு. ஜனெல் கூட வந்திருந்தா. இனிமே அதால ஒன்னும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"சொல்லியிருக்கலாம்ல? எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்—"

"உனக்குச் சொன்னா நீ வண்டிக்கு அடியில படுத்திருக்க மாட்ட. இங்க உக்காந்து என் மாத்திரையை எண்ணிக்கிட்டு, டாக்டருக்குப் போன் போட்டு சண்டை பிடிச்சுக்கிட்டு இருப்ப. அதுக்கு இது எவ்வளவோ தேவலை. தினம் உன் சத்தம் கேட்டுச்சு. நீ சுத்தியல் அடிக்கிறது, நட்டைத் திட்டுறது. நல்லா இருந்துச்சுடா எனக்கு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அவள் முடிகிற வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "போன வருஷம் எல்லாத்தையும் அறுவடைக்கு அப்புறம்னு தள்ளிட்டேன். இதைத் தள்ள முடியாதுப்பா. இந்தக் கட்டில்லதான் இருக்கணும் நான். எவனோ ஒருத்தன் வயல் ஓரத்துல வேணாம்."

"அப்ப நானும் போகல."

"போவ. ரெண்டாவது மெஷினை யாரு ஓட்டுவா? உங்கப்பா ரெண்டு மெஷின்லயும் உக்காருவாரா?"

அரை அங்குலம். அரை அங்குலம் தூக்கி நின்றது. நான் போய்க் கடைக்காரனைத் திட்டுகிறேன்.

ஏப்ரல் 30, புதன்

போல்ட்டுகளை முறுக்கினேன். ஏற்கெனவே முறுக்கியவை.

மே 3, சனி

ஜனெல் அக்கா வந்தாள். கொட்டகையில் என்னைப் பிடித்தாள்.

"மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு எத்தனை நாள் சுத்துவ?"

"நீ என்கிட்ட மறைச்ச."

"அம்மா கேட்டாடா. அவ எதையாவது கேட்டிருக்காளா இதுவரைக்கும்? முதல் தடவையா ஒன்னு கேட்டா. நான் என்ன பண்ண?"

ருவானும் வந்து நின்றான். உருளைக்கிழங்கு, மாவு, இறைச்சிக் குழம்பு எல்லாம் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம். இந்த வருஷம் சமையல் அவன்தான். அரை நாள் மெஷின், அரை நாள் அடுப்பு. அவனைப் போய் ‘சம்பளம் இதுக்கா?’ என்று கேட்டேனே, அதற்கு வருத்தம் சொன்னேன்.

"பரவால்ல சார்" என்றான். "நான் சமைச்சதைத் தின்னப் போறீங்கல்ல. கணக்கு சரியாயிடும்."

அப்பா கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். இருமினார். வானத்தைப் பார்த்தார். டெக்சஸில் மழை இல்லையாம், கதிர் சீக்கிரம் காய்கிறதாம்.

மே 9, வெள்ளி

அம்மா: "நாளைக்கு என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ. நீ அப்படி என்னதான் பண்ணியிருக்கன்னு பாக்கணும்."

"டிரெய்லரோடவா?"

"பின்ன? பிக்கப்புல மட்டும் போறதுக்கு உன் வித்தை எதுக்கு?"

மே 10, சனி

சிக்கல் ஒன்றுதான். காலி வண்டிக்கு இந்தப் பட்டை விறைப்பு. அவள் பாத்திரங்களின் எடையோடுதான் அது மிதக்கும்.

காலையில் விதைக் கொட்டகையிலிருந்து ஐம்பது பவுண்டு விதைக் கோதுமை மூட்டைகள் இருபத்து மூன்றை எடுத்து வந்தேன். ஏறக்குறைய அதே எடை வருகிறது. வாணலி இருந்த இடத்தில் மூன்று, பாட்டில்கள் இருந்த இடத்தில் பதினொன்று, ஃப்ரீசர் தடத்தின் மேல் ஒன்பது.

ருவான் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்ஜினியர் சார், அதை மண்ணுல விதைப்பாங்க. சமையலறையில அடுக்க மாட்டாங்க."

ஏன் என்று சொன்னேன். மீதி மூட்டைகளை அவனே தூக்கினான்.

அளந்தேன். வண்டி உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் சமம்.

அம்மாவைப் பிக்கப்பில் தலையணை வைத்து உட்கார வைத்தேன். இறகு மாதிரி இருந்தாள். அவள் எடையை எந்த மேடையிலும் போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. வழக்கமாக இந்தப் பயணத்தில் ஸ்டியரிங் அவள் பக்கம். "கண்ணாடியைச் சரி பண்ணு" என்றாள். "வளைவுல அகலமா எடு. அது உன் பின்னாடி ஒரு வீடுடா." ஒரு மைல் வரை ஓட்டுநர் அவள்தான். பிறகு பேச்சு குறைந்தது.

மண் ரோட்டில் எடுத்தேன். பள்ளம் வந்தது. பின்னால் ஒரு சின்ன மூச்சு விடுகிற மாதிரி சத்தம், அவ்வளவுதான். குத்தவில்லை, இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் கோதுமை இன்னும் பச்சை, நுனியில் மட்டும் லேசாக வெளுப்பு. அவள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ரயில் கிராசிங். இருபத்தைந்தில் போனேன். வேண்டுமென்றேதான். ஏப்ரலில் பத்து. பிக்கப்பின் முன் சக்கரம், பின் சக்கரம், பிறகு டிரெய்லரின் நாலும், ஒன்று, இரண்டு, என் முதுகில் கேட்டேன். அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு மாசமாக வலியில்லாமல் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

திருப்பத்தில் விழித்தாள்.

"கிராசிங் எப்ப வரும்?"

"தாண்டி மூணு மைல் ஆச்சு."

"பொய்."

"சத்தியமாம்மா."

என் முழங்காலில் கை வைத்தாள். "படிக்க வெச்சது வீண் போகல" என்றாள். "இன்னொரு தடவை போலாமா? இந்தத் தடவை தூங்க மாட்டேன்."

போனோம். மறுபடியும் தூங்கிவிட்டாள்.

மே 17, சனி

கிளம்பினோம். அவள் ஜன்னலில். கையசைக்கவில்லை, வழக்கம் போல விரலால் போ போ என்று விரட்டினாள். மூட்டைகளை இறக்கவில்லை. இறக்கினால் குதிக்கும். அது மட்டும்தான் காரணமா? தெரியாது.

மே 29, வியாழன். டெக்சஸ்

ருவானின் குழம்பு களிம்பு மாதிரி இருந்தது. வீட்டிலிருந்த அம்மாவுக்கு அவன் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். அவள் குரல் மெலிந்துவிட்டது. "பால் ஊத்துறதுக்கு முன்னாடி மாவை வறுத்தியா? வறுக்கல. எனக்கு இங்கயே வாசம் வரல." எட்டுப் பேரும் சிரித்தோம். அப்பா சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். காகிதத் தட்டில் சாப்பிடுகிறோம்.

ஜூன் 8, ஞாயிறு. ஓக்லஹோமா

ஜனெல் அக்கா போன். "வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

வயலுக்கு ஓடினேன். அப்பா மெஷினை நிறுத்தவில்லை, கதவை மட்டும் திறந்தார். "கதிர் காஞ்சு நிக்குது. நாளைக்கு மழைன்றான். நீ போ. இதை முடிச்சிட்டு ரெண்டு நாள்ல வரேன்."

இவரைத் திட்ட முடியாது. வேறு எப்படியும் வாழ இவருக்குத் தெரியாது. ஏணியில் ஏறி, கையை நீட்டி, சாவியைத் திருப்பிப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பெரிய மெஷின் நின்றதும் வயல் திடீரென்று காலியான மாதிரி இருந்தது.

"வண்டியில ஏறுங்கப்பா."

வயல்காரர் தன் வண்டியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினார். ருவான் அடுத்த மெஷினிலிருந்து கையைக் காட்டினான்: நான் பார்த்துக்கறேன், போங்க.

கான்சஸ் எல்லையைத் தாண்டியதும் அப்பா, "சாவியைக் குடு" என்றார். கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டார். கையை வெளியே எடுக்காமல் அதை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 12, வியாழன்

காலையில். ஜன்னல் திறந்திருந்தது. அப்பா அவள் கையைப் பிடித்திருந்தார். நாலு நாள் கிடைத்தது.

ஜூன் 16, திங்கள்

அடக்கம். எங்கள் ஊர்க் கோதுமை முழுசாகப் பழுத்து நிற்கிறது. நல்ல வெயில், காய்ந்த காற்று. இப்படி ஒரு நாளை யாரும் விடமாட்டார்கள். கல்லறைக்குப் போகிற வழியில் ஒரு வயலிலும் மெஷின் ஓடவில்லை. வரிசையாக நின்றுகொண்டிருந்தன, பாதி வெட்டிய இடத்திலேயே. கழுத்தை அறுத்தாலும் அறுவடையை நிறுத்தாத ஆட்கள்.

இரண்டு மணிக்கு எல்லாரும் திரும்பிவிட்டார்கள். டை கட்டிக்கொண்டே மெஷினில் ஏறினவர்களைப் பார்த்தேன். அம்மா பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

மைரன் வந்திருந்தார். என் கையைப் பிடித்தார். அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எப்படி ஓடுது வண்டி?" என்றார். நல்லா ஓடுது என்றேன்.

ஜூன் 30, திங்கள். காலை 5.15

ஊர் வயல்கள் முடிந்தன. இன்றைக்கு வடக்கே. டகோட்டா காத்திருக்கிறது. பிக்கப்பில் என் பக்கத்து இருக்கையில் அப்பாவின் தொப்பியும் அவள் தலையணையும். தலையணையை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

செய்ய வேண்டியவை:

1. ஐம்பது மைலில் நிறுத்தி, அச்சைப் பிடிக்கும் போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

2. எட்டு பின்களுக்கும் கிரீஸ். ருவானிடம் விடக் கூடாது. அவனுக்கு அடுப்பு வேலை இருக்கிறது.

3. ருவானுக்கு ஒரு இரும்பு வாணலி. தட்டுகள் பதினொன்று. பன்னிரண்டாவது இருக்கிறது.

4. அப்பாவின் இருமல். டாக்டர். இந்த வியாழன், வழியில் எந்த ஊராக இருந்தாலும் சரி. அறுவடைக்குப் பிறகு கிடையாது. மெஷின் சாவி மறுபடி என்னிடம்தான்.

5. மூட்டைகளை இறக்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில் திரும்பியதும், அவள் ஜன்னலுக்கு நேரே இருக்கிற வயலில், அந்த இருபத்து மூன்றையும் விதைக்க வேண்டும்.

6. ரயில் கிராசிங்குகளில் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. குறைப்பேன்.